குளத்துக்கு எத்தனை புள்ளி?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மழை பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒருவரின் கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பிரதேச செயலகக் கூட்டத்தில் ஒரு அதிகாரி, காலநிலை மாற்றத்துக்கான 'தொழில்நுட்பத் தேவை மதிப்பீடு' பற்றிப் பேசினார். எங்கள் கமக்காரர் அமைப்பில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அரசாங்கம் எங்களுக்கு மெஷின் வாங்கித் தரப்போகிறதா?
— கமக்காரர், வவுனியா

பதில்: வாங்கித் தரலாம், தராமலும் விடலாம். இது அதற்கு முந்திய வேலை ஐயா. கடைக்குப் போகுமுன் வீட்டில் இருந்து சாமான் துண்டு எழுதுவோமே, கிட்டத்தட்ட அதுதான். காசு இவ்வளவுதான் இருக்கிறது, தேவையோ நீளமாக இருக்கிறது, எதை முதலில் எழுதுவது?

2008இல் போலந்தின் பொஸ்னான் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், பணக்கார நாடுகளின் தொழில்நுட்பம் ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர ஒரு வழி செய்ய வேண்டும் என்று முடிவானது. எது வேண்டும் என்று அந்தந்த நாடே சொல்லட்டும் என்பதற்காக இந்த மதிப்பீட்டுக்கு நிதி கொடுத்தார்கள். முதல் சுற்றில் 36 நாடுகள் சேர்ந்தன, இலங்கை அதில் ஒன்று. நமது சுற்றாடல் அமைச்சின் அறிக்கை 2012இல் வந்தது. வெப்பத்தைக் கூட்டும் புகையைக் குறைக்க (இதற்குப் பெயர் தணித்தல்) என்று மின்சக்தி, போக்குவரத்து, கைத்தொழில். வந்த வெப்பத்தோடு வாழப் பழக (இது இசைவாக்கம்) என்று உணவு, சுகாதாரம், நீர், கரையோரம், உயிர்ப்பல்வகைமை. இப்படித் துறை துறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முன்னணிக்கு வந்த சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நீங்கள் மெஷின் என்று கேட்டதால் சொல்கிறேன். நீர்த் துறையில் தேர்வானவை மூன்று. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்ப்பது, வரட்சிக்குக் குழாய்க்கிணறு, அப்புறம் சிறுகுளத் தொகுதிகளைத் திருத்துவது. ஆமாம், உங்கள் பூட்டன் காலத்துக் குளமும் அரசாங்கக் கணக்கில் தொழில்நுட்பம்தான்! இந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். கருவி மட்டுமல்ல, அதை நடத்தும் அறிவும், நடத்துகிற ஆட்களின் அமைப்பும் சேர்ந்துதான் தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். துருசை எப்போது திறப்பது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று நீங்கள் கூட்டம் வைத்து முடிவெடுக்கிறீர்களே, அதுவும் இதற்குள் அடக்கம்.

கேள்வி: யார் உட்கார்ந்து இந்தத் தேர்வைச் செய்கிறார்கள்? எங்களைப் போன்றவர்களிடம் யாரும் கேட்டதாக நினைவில்லையே.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் ரீச்சர். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறை இப்படி. துறைசார்ந்தவர்களை ஒரு மேசையில் கூட்டுவார்கள்: திணைக்கள அதிகாரிகள், பேராசிரியர்கள், சில நிறுவனங்கள், சில தொண்டமைப்புகள். ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு குறிப்புத்தாள் தருவார்கள். பிறகு செலவு, எத்தனை பேருக்குப் பயன், எவ்வளவு காலம் நிற்கும், சூழலுக்கு நல்லதா என்று தலைப்புப் போட்டுப் பூச்சியத்திலிருந்து நூறு வரை புள்ளி. கடைசியில் எந்தத் தலைப்புக்கு எவ்வளவு கனம், அதாவது எது எவ்வளவு முக்கியம் என்று முடிவு செய்து கூட்டிப் பார்ப்பார்கள். எல்லா விளையாட்டும் இந்தக் கனத்தில்தான் இருக்கிறது.

நானே ஒரு பொய்க் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் (புள்ளிகள் என் கைச்சரக்கு, அறிக்கையில் உள்ளவை அல்ல). குழாய்க்கிணறு: செலவு குறைவு என்பதற்கு 80, பயன்பெறுவோருக்கு 60, நீண்டகாலம் நிற்பதற்கு 30. குளத்தொகுதி: செலவில் 30 தான், பயன்பெறுவோர் 70, நிலைப்பு 90. மூன்றுக்கும் ஒரே கனம் கொடுத்தால் கிணற்றுக்குச் சராசரி ஏறக்குறைய 57, குளத்துக்கு 63. குளம் வென்றது. இப்போது ஒருவர் எழும்பி, "நாட்டில் காசில்லை, செலவுக்குப் பாதிக் கனம் கொடுங்கள், மற்ற இரண்டுக்கும் கால்கால் போதும்" என்கிறார். மறுபடி கூட்டுங்கள். கிணறு 62.5, குளம் 55. ஒரு புள்ளிகூட மாறவில்லை, குளம் தோற்றுவிட்டது.

யாரும் களவு செய்யவில்லை, அதைக் கவனியுங்கள். செலவைப் பெரிதாகப் பார்ப்பது தப்புமில்லை. ஆனால் அந்தக் கனத்தைச் சொல்லும்போது அங்கே ஒரு கமக்காரர் இருந்திருந்தால் "குழாய்க்கிணறு போட்டுப் பத்து வருஷத்தில் தண்ணி உப்பாகினால் அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவீர்கள்?" என்று கேட்டிருப்பார். அவர் இருப்பதில்லை. சில வருஷங்களுக்கு முன் இப்படியொரு கலந்துரையாடலுக்கு நானும் போயிருந்தேன், எது என்று சொல்ல மாட்டேன். குளிரூட்டிய மண்டபம், நல்ல சாப்பாடு, கையில் தந்த தாள்கள் முழுக்க ஆங்கிலம். வடக்கிலிருந்து வந்த மீனவர் சங்கத் தலைவர் ஒருவர் தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் இருந்த பெடியன் நேராக்கிக் கொடுத்தான். புள்ளி போடும் நேரம் வந்தபோது, அவர் பக்கத்து ஆளின் தாளைப் பார்த்து அப்படியே எழுதினார். பங்கேற்றோர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கும், மீனவர் சமூகம் பங்கேற்றது என்று வரியும் இருக்கும்.

உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றீர்கள். கேட்டவர்களிடம்கூட இப்படித்தான் கேட்டார்கள்.

கேள்வி: 'இசைவாக்கம்' என்கிறீர்கள், இந்தியப் பத்திரிகைகளில் 'தகவமைப்பு' என்று வருகிறது. எது சரி?
— உயர்தர மாணவி, திருகோணமலை

பதில்: இரண்டும் ஒன்றுதான். நம் நாட்டு அரச ஆவணங்களில் இசைவாக்கம், அங்கே தகவமைப்பு. பரீட்சைக்கு இசைவாக்கம் என்றே எழுதுங்கள். தணித்தல் என்றால் நெருப்பைக் குறைப்பது, இசைவாக்கம் என்றால் சூட்டைத் தாங்கப் பழகுவது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் குழம்பாது.

கேள்வி: கடன்பட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டோம். 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் அதை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. ஒரு பக்கம் போடு என்கிறார்கள், மறுபக்கம் நிறுத்து என்கிறார்கள். இது என்ன கூத்து?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கூத்துத்தான், ஆனால் காரணம் உண்டு. மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் செலவாகிற அளவுக்குத்தான் மின்சாரம் உள்ளே வர வேண்டும். பெருநாள் பகலில் தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது. வீட்டுக்கூரைகளிலிருந்து வருவதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூட்டவோ குறைக்கவோ முடியாது. நீர்மின், அனல்மின் நிலையங்களின் கனமான சுழலிகள் சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு சின்ன அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அவற்றை நிறுத்திவிட்டுத் தகடுகளை மட்டும் நம்பினால் தாங்காது. அதே ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிறு பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டியதில் நாடே இருண்டது நினைவிருக்கும். குரங்கைப் பார்த்து உலகம் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில், தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் கூடுதலாகவும் இருந்த நேரத்தில் அது நடந்ததுதான் விஷயம். சபை புத்தாண்டுக்கு ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் 3 மணிவரை நிறுத்தச் சொன்னது அந்தப் பயத்தில்தான்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். நான் மேலே சொன்ன 2012 அறிக்கையில் மின்சக்தித் துறைக்குத் தேர்வானவற்றில் ஒன்று என்ன தெரியுமா? காற்று, சூரிய மின்சாரத்தை நீர்மின்னோடு இணைத்து ஓட்டக்கூடிய நுண்ணறிவு மின்வலை, அதாவது ஸ்மார்ட் கிரிட். வரப்போகும் தலையிடியை 13 வருஷத்துக்கு முன்பே மருந்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். தகடு போட 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்று பெரிய இயக்கமே நடத்தினார்கள், அது நல்ல வேலை, இல்லையென்று சொல்லவில்லை. தகட்டைக் கூரையில் வைத்துப் படம் எடுக்கலாம், ரிப்பன் வெட்டலாம். கம்பிக்குள்ளும் கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் செய்கிற வேலைக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

உங்கள் கடன் தவணை பற்றி: அந்த ஒன்பது நாள் இழப்பு ஒரு மாதக் கணக்கில் தெரியும், 20 வருஷக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. அடுத்த முறை இதையே வழக்கமாக்கினால் அப்போது சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன்.

கேள்வி: போக்குவரத்துக்கு அந்த அறிக்கையில் என்ன சொல்லியிருந்தார்கள்? ஏதாவது நடந்ததா?
— பஸ் நடத்துநர், கண்டி

பதில்: சைக்கிளும் நடையும் ஒழுங்கான பொதுப் போக்குவரத்தோடு சேர வேண்டும், ஆட்கள் காரில் கூட்டாகப் போக வேண்டும், ரயில் பாதையை மின்மயமாக்க வேண்டும். ரயில் இன்னும் டீசலில்தான் ஓடுகிறது. மற்ற இரண்டும் 2022இல் நிறைவேறின தம்பி. பெற்றோல் இல்லை, கியூஆர் பங்கீடு, டாக்டரும் சைக்கிள், குமாஸ்தாவும் சைக்கிள், ஒரு காரில் ஐந்து பேர். அமைச்சு பத்து வருஷம் செய்யாததை வெறும் தாங்கி செய்து காட்டியது. பெற்றோல் வந்த மறுவாரம் எல்லாம் பழையபடி.

கேள்வி: எங்கள் களப்போரத்தில் ஒவ்வொரு வருஷமும் கண்டல் கன்று நடுகிறார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி நடுகிறார்கள். நட்டதெல்லாம் எங்கே போகிறது?
— மீனவர், புத்தளம் மாவட்டம்

பதில்: செத்துப் போகிறது. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் உண்மை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்க நட்டார்கள். இலங்கை ஆய்வாளர்கள் 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர், அதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றுதான், அதில் இரண்டு உங்கள் பக்கம்: கற்பிட்டி, பம்பல. நீர்கொழும்பு மூன்றாவது.

கண்டல் மீளமைப்பும் அந்த 2012 தேர்வில் உள்ளதுதான். தாளில் அது நூற்றுக்கு நூறு வாங்கக்கூடிய பிள்ளை. செலவு குறைவு, கரையைக் காக்கும், மீனுக்கும் றாலுக்கும் குஞ்சுமடம், காற்றிலுள்ள காபனையும் பிடித்து வைக்கும். புள்ளித்தாளில் இல்லாதது என்னவென்றால், எந்த இனத்தை எந்த நீர்மட்டத்தில் நடுவது என்கிற அறிவு. நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் சேற்றில், எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரே வகைக் கன்றை வரிசையாகக் குத்திவிட்டுப் போகிறார்கள். வேர் மூச்சு முட்டுகிறது. தப்பியதை மாடு மிதிக்கிறது. நான் ஒரு களப்போரத்தில் பார்த்திருக்கிறேன், காய்ந்த குச்சிகள் பள்ளிக்கூட அணிவகுப்புப் போல நேராக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் நட்டவரின் பெயர்ச்சீட்டு மட்டும் பிளாஸ்டிக் உறையில் புத்தம் புதிதாக.

கண்டல் எங்கே தானாக முளைக்கிறது, எங்கே முளைக்காது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த தடவை கன்றோடு வருகிறவர்களை முதலில் வள்ளத்தில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி: ஐயா, நாங்க மலையடிவாரத்து லயத்துல இருக்கோம். மழை வந்தா தூக்கமில்ல. மண்சரிவ முன்கூட்டியே சொல்ற கருவி வந்திருச்சுன்னு சொல்றாங்க, அது எங்களுக்குக் கெடைக்குமா?
— தோட்டத் தொழிலாளியின் மகள், பதுளை மாவட்டம்

பதில்: உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா.

கருவிகள் இருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது, மாவட்ட வாரியாக எச்சரிக்கை விடுகிறது. ஆனால் கொஸ்லாந்தை மீரியபெத்தவை நினைத்துப் பார். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, மலைநாட்டில் பெரும்பாலும் மண்சரிவு. ஆகவே கருவி வந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். காணியும் வீடும் தராத எந்த எச்சரிக்கைத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

ஆனாலும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுக்கொள். நேர்ச்சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடு. தோள் வளையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டு. வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாக வாய்க்குள் இறக்கு, புனல் ஆகிவிடும். அடி மேடுபள்ளமாக இருக்குமே, அது மறையும்வரை கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு கீறு. அதுதான் பூச்சியம். கோட்டிலிருந்து மேலே பள்ளிக்கூட அடிமட்டத்தை ஒட்டு. கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் ஒரு கம்பில் கட்டி வை. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு, மறுபடி கோடுவரை தண்ணீர் விட்டு வை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் பத்திரங்கள், மருந்து எல்லாம் பையில் கட்டி வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், யார் என்ன சொன்னாலும் கிளம்பிவிட வேண்டும். இந்த அளவுகள் அந்த நிறுவகமே வைத்திருப்பவை. மழை குறைவாக இருந்தாலும் சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரமோ கம்பமோ சாய்வது, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது அல்லது நின்றுபோவது, இதில் எதைக் கண்டாலும் காத்திருக்காதே. இரவில் யாராவது ஒருவர் முறை வைத்து விழித்திருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். இது இசைவாக்கமா, இல்லை இன்னும் புகையைக் கூட்டும் வேலையா?
— பொறியியல் மாணவர், கிளிநொச்சி

பதில்: கேள்வியிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டீர்கள், இரண்டும்தான். முதலில் உங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத்தான் திட்டம். உங்கள் ஊர்க் கமக்காரர் மறித்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் கடல். 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீட்டர் கொள்ளளவு. கடல்நீரைச் சவ்வில் அழுத்தி உப்பைப் பிரிக்க, உலகளவில் ஒரு கனமீட்டருக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரம் போகிறது. முழு அளவில் ஓடினால் நாளுக்கு எண்பதாயிரம் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்தால் தாகம் தீர்க்கிற தண்ணீரே கொஞ்சம் வெப்பத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அதற்காக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆறில்லாத குடாநாடு, சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரையும் மோட்டர் போட்டு இறைத்து உப்பாக்கிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இசைவாக்கத்துக்கு ஒரு குழு, தணித்தலுக்கு வேறு குழு என்று மதிப்பீட்டைத் தனித்தனி அறையில் நடத்தும்போது இந்த மாதிரிக் கணக்கு எந்த அறையிலும் வராது. உங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு நல்ல தலைப்பு: பகலில் வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னார்களே, அந்தச் சூரிய மின்சாரத்தில் இந்த ஆலையை எவ்வளவு ஓட்டலாம்? தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைப்பது மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதைவிட மலிவு.

கேள்வி: குளங்களைத் திருத்துவது தாளோடு நின்றுவிட்டதா?
— வாசகர், மன்னார்

பதில்: இல்லை, இது ஓரளவு நடந்தது. பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயாப் படுகைகளில் 325 கிராமக் குளங்களைத் திருத்தும் திட்டம் 2016இல் அனுமதி பெற்றது. மல்வத்து ஓயா என்றால் வேறு யாருடையதோ ஆறு என்று நினைக்காதீர்கள், உங்கள் அருவி ஆறுதான் அது. தனிக்குளத்தைக் கிண்டாமல், மேல்குளம் நிறைந்து கீழ்க்குளத்துக்கு இறங்கும் முழுத் தொடரையும் ஒன்றாகப் பார்த்ததுதான் இதன் சிறப்பு. 2017இல் உணவு விவசாய அமைப்பு இந்தக் குளத்தொடர் முறையை உலக வேளாண் மரபாகவும் ஏற்றது. ஆனால் குளக்கட்டையும் துருசையும் கொங்கிறீட்டில் திருத்தினால் மட்டும் குளம் ஆகாது. மேலே காற்றையும் மண்ணையும் மறிக்கும் மரவரிசை, கட்டுக்குக் கீழே உப்பைப் பிடித்துக்கொள்ளும் பற்றை, இவற்றை வெட்டி வயலாக்கியவர்களும் நம் ஆட்கள்தானே.

கேள்வி: இவ்வளவும் சொல்கிறீர்கள், சாதாரண ஆள் என்ன செய்யலாம்? எங்கள் குளத்துக்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா?
— முதல் கேள்வி கேட்ட அதே கமக்காரர், வவுனியா (ஒரே உறையில் இரண்டு கேள்வி வைத்திருந்தார்)

பதில்: முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. தமிழில் எழுதிக் கொடுங்கள், எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லியும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள் தருகிறோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். கேட்கும்போது 'மதிப்பீட்டு அறிக்கை' என்று மட்டும் கேட்காதீர்கள், தடித்த புத்தகம் ஒன்றைத் தந்து அனுப்பிவிடுவார்கள். இன்ன திட்டத்துக்குப் புள்ளியிட்ட தாள், தலைப்புகளுக்குக் கொடுத்த கனம், அன்றைக்கு மேசையில் இருந்தவர்களின் பட்டியல், இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிடைத்தால் ஒரு பிரதி எடுத்து எனக்கும் அனுப்புங்கள், முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது.